ரெண்டு நாள் ஆகட்டும்

பாகூர்
12.6.2023

அன்புள்ள தம்பி அரிகரனுக்கு அக்கா தனக்கொடி எழுதுவது. நீயும் மஞ்சுளாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் மாமாவுக்கு முட்டிவலி தவிர ஒன்றும் குறையில்லை. என் சுகத்தை மட்டும் நீ விசாரிக்க வேண்டாம். அதை விசாரிக்க ஒரு ஆஸ்பத்திரியே வைத்திருக்கிறாய்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். நாலு வார்த்தை பேசினால் இருமல் பிடித்துக்கொள்கிறது. நீயும் பாதிப் பேச்சில் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று போய்விடுகிறாய். எழுதினால் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. நீயும் எழுதியே பதில் போடு.

வில்லியனூரைத் தாண்டி இருக்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், நீ சேர்த்துவிட்ட நுரையீரல் ஆராய்ச்சிக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். மருந்து சும்மா தருகிறார்கள். இழுத்தால் நெஞ்சு லேசாகிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அங்கே நடக்கிறதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கையில் ஒரு டப்பா கொடுத்துச் சளியைத் துப்பச் சொல்கிறார்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு வண்ண அட்டையோடு வைத்துப் பார்க்கிறார்கள். துணிக்கடையில் ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பார்ப்பார்களே, அந்தமாதிரி. வீட்டிலும் தினமும் நிறம் பார்த்து வைக்க வேண்டுமாம். நேற்று நான் "பச்சையா, மஞ்சளா?" என்று மாமாவைக் கேட்டேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

போகும்போதெல்லாம் "பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று ஒரு கேள்வி. நெல் அவிக்கிற அடுப்புக்கு முன்னால் சவுக்கு மிளாறும் உமியும் தள்ளித் தள்ளியே என் நெஞ்சு கரியானது. அதைக் கேட்க அங்கே ஆளில்லை. போன் எடுக்கிற, எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற பிரிட்டோ என்பவர் சிரித்துக்கொண்டே "இல்லை" என்று டிக் போடுகிறார்.

ஒரே ஆறுதல் காசம்மாள். மூர்த்திக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வந்து நம் தெருவில் மீன் விற்பாளே, அவளுக்கும் இதே வியாதி, இதே ஆராய்ச்சி. டப்பாவைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நானு மீனு செவுள கூட இப்பிடித் தூக்கிப் பாத்தது இல்லக்கா."

குழந்தைக்கு என் முத்தம்.

உன் அக்கா,
தனக்கொடி

---

சென்னை
27.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மஞ்சுளா சத்தமாகப் படித்தாள், விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முட்டி வலிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

சளி நிறம் பார்ப்பது உனக்கு அசிங்கமாகத் தெரியலாம். எங்களுக்கு வேறு வழியில்லை. உன் வியாதி தினமும் உள்ளதுதான். ஆனால் நடுநடுவே திடீரென்று மோசமாகும். அதற்கு நாங்கள் "தீவிரம்" என்று பெயர் வைத்திருக்கிறோம். புது மருந்து இந்தத் தீவிரங்களைக் குறைக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அப்படியென்றால் எது தீவிரம், எது வெறும் தூசி இருமல் என்று எல்லா ஊரிலும் ஒரேமாதிரி எண்ண வேண்டும். அதனால் மூச்சு, இருமல், சளி வழக்கத்தைவிட மோசமாகித் தொடர்ந்து இரண்டு நாள் இருக்க வேண்டும், டாக்டர் அதற்கென்று மாத்திரை கொடுத்திருக்க வேண்டும் என்று வரையறை. நாலு வாரத்துக்குள் திரும்பி வந்தால் அது புதியதல்ல, பழையதன் தொடர்ச்சி. ஒரு நாளா, இரண்டு நாளா, மூன்று நாளா என்று ஆராய்ச்சியை வகுத்த எங்கள் டாக்டர்கள் குழுவில் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் நான் சொன்ன இரண்டு நாள்தான் நின்றது. உன் தம்பி ஏதோ செய்திருக்கிறான் என்று வைத்துக்கொள்.

மருந்தை விடாமல் இழு. வேறு இடத்தில் ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாதே.

அன்புடன்,
அரிகரன்

---

பாகூர்
22.7.2023

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். தைலம் வந்தது. மாமா தடவிக்கொண்டு கழனிக்குப் போகிறார்.

ஆனி மாச நடுவில் மூச்சு முட்டிக் கிடந்தேன். மாத்திரை கொடுத்தார்கள், தேறினேன். எழுந்து நடந்து, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரை போய் வரி கட்டிவிட்டுக்கூட வந்தேன். பிறகு மறுபடியும் அதே கதை. நெஞ்சுக்குள் யாரோ கோணிப்பை திணித்த மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரிட்டோ அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நாலு வாரம் ஆவலம்மா. அதனால இது பழசுதான்" என்றார்.

"பழசா? நடுவுல ஏரிக்கரை வரைக்கும் நடந்து போயி மோட்டார் போட்டுட்டு வந்தது அப்போ யாரு?"

"மருந்து தருவோம்மா, கவலைப்படாதீங்க. எண்ணிக்கையிலதான் வராது."

நான் பட்ட பாடு எண்ணிக்கையில் வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் எப்படி இருக்கும் தெரியுமா? செத்தாலும் பழைய சாவுதான் என்பார்கள்போல. எனக்கு அங்கேயே வாந்தி வந்தது. அது மருந்தாலும் இருக்கலாம்.

காசம்மாளுக்கும் இந்த மாசம் சரியில்லை. ஆனாலும் கூடையை விடமாட்டேன் என்கிறாள்.

மஞ்சுளாவை விசாரித்ததாகச் சொல்.

தனக்கொடி

---

பாகூர்
4.9.2023

தம்பி அரிகரனுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. வேலை இருக்கும். நீங்கள் நலமாயிருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

காசம்மாள் போய்விட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம் வாசலில் கூடையை இறக்கிவைத்தாள். பாதிக்குமேல் சங்கரா மீன் விற்காமல் அப்படியே இருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். "பாகூர் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம் வா, மாமா வண்டி எடுப்பாரு" என்றேன்.

"வேற எடத்துல ஊசி போட்டா இந்த மருந்த நிறுத்திடுவாங்கக்கா. இதனாலதான் நான் கூடையே தூக்கறேன். அவங்களுக்கே போன போடு."

என் போனிலிருந்து போட்டேன். அவள் காதில் வைத்துப் பேச முடியாமல் ஸ்பீக்கரில் வைத்தேன். பிரிட்டோதான் எடுத்தார்.

"எப்போலேர்ந்து காசம்மா?"

"காலைலேர்ந்து சாமி."

"இன்னிக்குத்தானே? ரெண்டு நாள் ஆகட்டும். நாளைக்கும் இப்பிடியே இருந்தா ஆட்டோ வெச்சி வந்துடுங்க, வண்டி வாடகை நாங்க குடுப்போம். ஒரு நாள்ல வந்தா தீவிரத்துல வராது."

நான் போனைப் பிடுங்கி, "அவ ஒதடு நீலமா இருக்குய்யா" என்றேன். "டாக்டர்கிட்ட சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார். உனக்குப் போன் போட்டேன். இரண்டாம் முறையும் போட்டேன். நீ எடுக்கவில்லை.

வெந்நீர் கொடுத்தேன். கொஞ்சம் அடங்கினமாதிரி இருந்தது. "அவங்க சொல்றாப்ல நாளைக்குப் போறேன்" என்று பஸ் ஏறினாள். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவள் மகள் பாக்யலட்சுமி ஆட்டோ வைத்துக் கூட்டிப்போயிருக்கிறாள். தவளக்குப்பம் தாண்டும்போது மகள் மடியிலேயே முடிந்துவிட்டது.

அந்த மீனை நான் குப்பையில் கொட்டினேன். கை இன்னும் நாறுகிறது. எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை.

தனக்கொடி

---

சென்னை
21.9.2023

அன்புள்ள அக்காவுக்கு,

செய்தி மிகவும் வருத்தம் தந்தது. அந்த அம்மாவின் குடும்பத்துக்கு என் அனுதாபத்தைச் சொல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் என்பது எண்ணுவதற்கான விதி. வைத்தியத்துக்கான விதி அல்ல. மூச்சு முட்டுகிறவரை உடனே வரவழைக்க வேண்டும் என்று ஆராய்ச்சித் திட்டத்திலேயே இருக்கிறது. யாராவது வேறுமாதிரி புரிந்துகொண்டிருந்தால் அது அவர்களுடைய தவறு. அந்த வயதில் இதயக் கோளாறும் இருந்திருக்கலாம். இந்த மரணம் எதனால் என்று எங்கள் குழுதான் முடிவு செய்யும் என்பதால் மேற்கொண்டு நான் பேசக்கூடாது.

உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது? கழனியில் நடவு ஆயிற்றா? மழை உண்டா?

அரிகரன்

---

பாகூர்
2.10.2023

தம்பிக்கு,

நடவு ஆயிற்று. மழையும் உண்டு. நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்கிறேன்.

காசம்மாள் காரியத்துக்கு நானும் மாமாவும் போயிருந்தோம். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிரிட்டோ இல்லை, வேறு ஆட்கள். பாக்யலட்சுமியைத் தனியே கூப்பிட்டு, "எத்தினி நாளா மோசமா இருந்துச்சி? சளி இன்னா கலரு?" என்று கேட்டார்கள். ஒரு நாள் என்றாள் அவள். "அப்போ தீவிரம் இல்ல" என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் சொன்னார், எங்கள் காதுபடவே. பிறகு மிச்சம் இருந்த மருந்தைக் கேட்டார்கள். தாயார் படுக்கிற இடத்துத் தலைமாட்டில் இருந்து அவள் எடுத்துக்கொடுத்தாள். அது இன்னும் எத்தனை முறை இழுக்க வரும் என்று பின்பக்கம் பார்த்துக் குறித்துக்கொண்டு பையில் போட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று யாரோ சொன்னார்கள். சாப்பிட்டார்கள்.

மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்களாம். அவளைப் படுக்கவைத்துப் பார்த்த டாக்டர் யார்? ஆட்டோக்காரரா?

அரிகரா, உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அவள் பெயர் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை. "அந்த அம்மா" என்று இருக்கிறது. போன் எடுக்காததைப் பற்றியும் ஒரு வரி இல்லை. படிக்கப் படிக்க, சுத்தமாகக் கழுவின தட்டில் எச்சில் நாற்றம் வருமே, அப்படி இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிகளைக் கண்காணிக்க நெறிமுறைக் குழு ஒன்று இருக்கிறதாம். பாக்யலட்சுமி பேரில் அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாட்சி நான். ரெண்டு நாள் வரையறை யாருடையது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன்.

தனக்கொடி

---

சென்னை
9.10.2023

அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் எழுதுகிறேன். தயவுசெய்து அவசரப்படாதே. நெறிமுறைக் குழுவுக்குப் போனால் அங்கே ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள். இந்த மருந்து நல்ல மருந்து, அது உனக்கே தெரியும். உன்னைப்போல எத்தனையோ பேருக்குக் கிடைக்காமல் போகும். என் பெயர் வந்தால் மஞ்சுளாவுக்கும் கஷ்டம். அவளும் இதே துறையில்தான் இருக்கிறாள்.

நீ இங்கே வந்துவிடு. நானே வைத்தியம் பார்க்கிறேன். இதை வீட்டுக்குள் பேசித் தீர்க்கலாம்.

அரிகரன்

---

பாகூர்
25.11.2023

அரிகரனுக்கு,

காசம்மாள் நம் வீட்டுக்குள் சாகவில்லை. அதனால் வீட்டுக்குள் பேசித் தீர்க்க முடியாது.

போன வாரம் குழுவின் முன்னால் உட்கார்ந்தேன். ஏசி அறை. எனக்கு அந்தக் குளிரே இருமலைக் கிளப்பியது. நான் இருமிக்கொண்டிருந்தபோது ஒருத்தர் தன் டீயை மெதுவாக எட்டி நகர்த்தி வைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். கோட்டு போட்ட ஒருத்தர் கேட்டார், "டாக்டர் அரிகரன் உங்க தம்பிதானே? இது ஏதாவது குடும்பத் தகராறா அம்மா?"

"ஆமாங்கய்யா, தகராறுதான்" என்றேன். "ஆனா காசம்மா எங்க சொந்தம் இல்ல. எங்க தெருவுல மீனு விக்கிறவ. அந்தப் போன்ல அவகிட்ட இன்னா சொன்னாங்கன்னு கேட்டுட்டு இந்தக் கேள்வியக் கேளுங்க."

ஆஸ்பத்திரி போன்களெல்லாம் பதிவாகுமாம். போட்டுக் கேட்டார்கள். "ரெண்டு நாள் ஆகட்டும்" என்று அந்த அறை முழுக்கக் கேட்டது. பின்னால் காசம்மாள் மூச்சும் கேட்டது. கோட்டுக்காரர் அதற்குப்பிறகு தலை நிமிரவில்லை.

பாக்யலட்சுமி அழவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க, எங்கம்மா பேசறது கேக்கணும்" என்றாள்.

இப்போது புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். நான் ஆராய்ச்சியிலிருந்து விலகிவிட்டேன். ஒதியம்பட்டு சுப்புராயன் என்னைப் பஸ்ஸில் பார்த்து, "உன்னாலதான் எங்களுக்கும் மருந்து போவப் போவுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிரிட்டோவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவரோடு முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். முந்தாநாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

"ரெண்டு நாளுன்னு நானா கண்டுபுடிச்சேன்? கம்ப்யூட்டர்ல எங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்கம்மா. மொத நாளே யாராச்சும் போன் பண்ணா இன்னா பண்றதுன்னு நான் எழுந்து கேட்டேன். குறிச்சிக்குங்க, மறுநாள் கூப்பிடச் சொல்லுங்க, அப்பதான் கணக்கு சுத்தமா இருக்கும்னாரு."

"யாரு சொன்னது?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க தம்பி சார்தாம்மா."

மாமா பக்கத்தில்தான் இருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

தம்பி, இது பொய் என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

தனக்கொடி

---

சென்னை
18.1.2024

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இங்கே நாங்கள் மூவரும் நலம். பண்டிகைக்கு ஊருக்கு வர முடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தது, இப்போது பரவாயில்லை. இந்த வருஷம் சென்னையில் பனி அதிகம். பாகூரிலும் இருக்கும். காலையில் வெளியே போகாதே, கழுத்தில் துணி சுற்றிக்கொள். அறுவடை ஆகிவிட்டதா?

நான் இப்போது அந்த ஆராய்ச்சிக் குழுவில் இல்லை. ஆஸ்பத்திரி வேலை மட்டும்தான். சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுது. எழுத விருப்பமில்லையென்றால் மாமாவிடமாவது சொல்லி எழுதச் சொல்.

அரிகரன்

---

பாகூர்
6.2.2024

தம்பி அரிகரனுக்கு அக்கா எழுதுவது.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். அறுவடை ஆகிவிட்டது. மூச்சு எப்படி என்று கேட்டிருந்தாய். மார்கழியில் அரசு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தேன். மூக்கில் குழாய் வைத்தார்கள். உனக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்று மாமாவிடம் நான்தான் சொன்னேன். தெரிந்தால் வந்து நிற்பாய் என்று பயம். அந்த நிலைமையில் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

உன் பொங்கல் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பனியைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

நேற்று பாக்யலட்சுமி வந்தாள். தாயார் கூடையை இப்போது அவள் தூக்குகிறாள். வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே, "உன் தம்பி எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போனாரே, உனக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. நீ பொங்கலுக்கு முன்னாடியே மூர்த்திக்குப்பம் வந்திருக்கிறாய். பாகூர் வழியாகத்தான் போயிருப்பாய். நம் தெரு முனையைத் தாண்டிப் போயிருப்பாய்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் நீ திருத்திக்கொள்.

வலை உலர்த்துகிற இடத்தில் அவளும் இன்னும் நாலு பேரும் இருந்தார்களாம். நீ நின்றுகொண்டே, "ரெண்டு நாள்னு சொல்லிக் குடுத்தது நான்தான். பிரிட்டோ இல்ல. அத ஆஸ்பத்திரி குழுவுல எழுதிக் குடுத்துட்டுத்தான் வர்றேன்" என்றாயாம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்றில்லை, தோணவில்லை என்றாள். ஒரு கிழவர் மட்டும் மணலில் காறித் துப்பிவிட்டு எழுந்து போனாராம்.

"எங்கம்மா செத்தது கணக்குல வந்துதா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"வந்துது. தீவிரத்துல செத்ததாதான் இப்ப எழுதியிருக்கு."

"அத வெச்சிகினு நான் இன்னா பண்றது டாக்டரே?"

அதோடு நீ கிளம்பிவிட்டாயாம். பிரிட்டோவைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அவர் போகவில்லை என்று கேள்வி.

இதையெல்லாம் எனக்கு நீ எழுதியிருக்கலாம். எழுதாதது வெட்கத்தினாலா, என்னிடம் சொல்லி நல்ல பேர் வாங்கக்கூடாது என்பதனாலா, எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது என்று மாமா சொல்கிறார். அவர் எப்போதும் உன் பக்கம்தான். நீ போனது சரி. போய்ச் சொன்னதும் சரி. ஆனால் உன்னை நினைக்கும்போது வருகிற அருவருப்பு இன்னும் நிற்கவில்லை. நிற்கும்போது நிற்கட்டும். நானாக அதை அடக்கப்போவதில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே பாக்யலட்சுமி இரண்டு மூன்று முறை நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். பனி, சளி என்று சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. பிறந்ததிலிருந்து தாயாரோடு அதே குடிசையில், அதே விறகு அடுப்புப் புகையில் இருந்தவள். வயசு நாற்பதுகூட ஆகவில்லை.

அவளை நல்ல நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் காட்ட வேண்டும். ஆராய்ச்சி வேண்டாம், அட்டை வேண்டாம், டப்பா வேண்டாம். வந்த அன்றைக்கே பார்க்கிறவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் பெயரும் விலாசமும் எழுதி அனுப்பு. நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அந்த டாக்டர் நீயாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தனக்கொடி